கோணாங்குப்பத்துக்கும் மேல்பட்டாம்பாக்கத்துக்கும் நடுவே

நெய்வேலி நகரியத்துத் தேவாலயங்களில் பழமை தேடி வருபவர்களுக்கு ஒன்றும் அகப்படாது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள் வந்ததிலிருந்து இந்த ஊரின் கதை தொடங்குகிறது. பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவானது 1956 நவம்பர் 14-ல். பிரதமர் நேரு சுரங்க வெட்டைத் தொடங்கி வைத்தது 1957 மே 20-ல். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். வட்டங்கள், குவார்ட்டர்ஸ், டபுள் ரோடு, மெயின் பஜார் எல்லாம் இந்த வருஷங்களை ஒட்டி எழுந்தவை. கோயில்களும் அப்படித்தான். இவை எழுந்த மண் யாரோ ஒருவருடைய மணிலாக் கொல்லையாகவும் முந்திரித் தோப்பாகவும் இருந்தது. அந்தக் குடும்பங்களை நினைக்காமல் இந்த ஊரைப் பற்றி எதையும் எழுதத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊர் புதிது, வந்து சேர்ந்த கிறிஸ்தவர்கள் பழையவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் சி.எஸ்.ஐ. நாகர்கோவில் பக்கத்தார் லண்டன் மிஷன் வழிவந்தவர்கள், அவர்களும் இப்போது சி.எஸ்.ஐ. கேரளத்திலிருந்து வந்த ஃபோர்மேன்களும் நர்ஸம்மாக்களும் மார்த்தோமா, யாக்கோபாயர், சிரியன் கத்தோலிக்கர். பாண்டிச்சேரி, கடலூர், விருத்தாசலம் பக்கமிருந்து ரோமன் கத்தோலிக்கர். தென்னார்க்காடு கிராமங்களிலிருந்து ஆற்காடு லூத்தரன் சபையார். பெந்தெகோஸ்தே சபைகள் சற்றுப் பிந்தி வந்தன. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு சம்பள கிரேடு பார்த்துத்தான் நடந்தது. சபை பார்த்து நடக்கவில்லை. அதனால் எங்கள் வரிசையில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நாலு விதமான கிறிஸ்தவர்கள் குடியிருந்தோம். சாயங்கால ஜெபம் நடக்கும் நேரத்தில் ஒரு வீட்டில் ஜெபமாலை, அடுத்த வீட்டில் கீர்த்தனை, அதற்கடுத்த வீட்டில் மலையாளப் பாட்டு.

எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு சபை. அப்பா மேல்பட்டாம்பாக்கம், லூத்தரன். அம்மா கோணாங்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம், கத்தோலிக்கர். அப்பா 1959-ல் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்து, 1962-ல் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு மின்சாரம் தரத் தொடங்கிய வருஷம் அது. நான் பிறந்தது 1964. இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, இப்போது இந்திரா நகரில் இருக்கிறேன். என் அப்பாவின் ஊரும் அம்மாவின் ஊரும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் என்ன இடம் பெற்றவை என்பதை நான் ஆசிரியை ஆனபிறகுதான் ஊன்றிப் படித்தேன். படிக்கப் படிக்க என் பெற்றோரின் கல்யாணம் எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது.

கோணாங்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டியவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்தாந்தினோ பெஸ்கி, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, சூசையப்பரைத் தலைவராக வைத்து தேம்பாவணி பாடியவர். மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் கொடுத்தவர் என்று அம்மா வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். ஜனவரித் தேர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பம் அவர்களுடையது.

அதே வீரமாமுனிவர் தரங்கம்பாடி லூத்தரன்களை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர். வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தரினத்தியல்பு ஆகியவை அந்தச் சண்டையில் பிறந்த நூல்கள். 1706 ஜூலை 9-ல் சீகன்பால்குவும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். பத்து வருஷத்துக்குள் அந்த மிஷன் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. வேதபுத்தகத்தை அச்சுப் போட்டு ஊர் ஊராக அனுப்பும் ஒரு கூட்டம் பக்கத்திலேயே முளைத்தது கத்தோலிக்கக் குருக்களுக்குப் பெரிய கவலை. மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினால் மாத்திரமா, அதோடு நற்கிரியையும் வேண்டுமா, வேதவாக்கியம் போதுமா, திருச்சபை மரபும் வேண்டுமா என்று ஐரோப்பாவில் இருநூறு வருஷமாக எரிந்த நெருப்பு காவிரிக் கரைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்து வளர்ச்சியில் ஒரு பங்கு இந்த வாக்குவாதத்துக்கு உண்டு. எதிராளிக்கும் ஊர் ஜனத்துக்கும் புரிய வேண்டும் என்றால் செய்யுளில் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இந்தச் சண்டையை எடுத்துச் சொல்லும் பலர் 1738-ஐ மறந்துவிடுகிறார்கள். வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், அதாவது பேச்சுத் தமிழுக்கான இலக்கணம், அந்த வருஷம் அச்சேறியது. அச்சிட்டது தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் அச்சகம். அவரால் பேதகர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் அவர் உயிரோடு இருந்தபோதே அவர் புத்தகத்தை அச்சுக் கோர்த்து, மை தடவி, தாள் தாளாக எடுத்திருக்கிறார்கள். அந்த இலக்கணம் அவர்களுக்குப் பயன்பட்டது என்பது ஒரு காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதற்குப் பயன்பட்டது? ஜனங்களிடம் தமிழில் பேச. பேசி என்ன சொல்ல? சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தவர் உன்னை மீட்க வந்தவர் என்று சொல்ல. வீரமாமுனிவர் அந்த இலக்கணத்தை எழுதியதும் அதற்காகவே. இரண்டு பக்கத்தாரும் சண்டையைக் கைவிடவில்லை. அந்தச் சண்டைக்கு அடியில் இருந்த விசுவாசம் ஒன்றாக இருந்ததால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு உதவியது. என் படிப்பில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த செய்தி இது.

தரங்கம்பாடி மிஷனின் கணக்குப் புத்தகமே இதைப் பேசும். ஆளை அனுப்பியது டென்மார்க் அரசன் நான்காம் பிரெடெரிக். வந்த ஆட்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தார். அச்சு இயந்திரமும் பணமும் கொடுத்தது லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். லூத்தரன் போதகருக்கு ஆங்கிலிக்கன் சம்பளம். இது சில வருஷம் நடந்து நின்றுபோன ஏற்பாடு இல்லை, ஒரு நூற்றாண்டு அளவுக்கு நீடித்தது. எங்கள் கடலூருக்கு 1740-ல் வந்த கிர்னாண்டர் சுவீடன் நாட்டு லூத்தரன். அவருக்கும் படியளந்தது அந்த லண்டன் சங்கம்தான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் அவர் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். பேராயர் வேண்டுமா வேண்டாமா என்று ஐரோப்பாவில் ஒத்துப்போகாதவர்கள் கடலூர்க் கடற்கரையில் ஒரே பிரசங்கத்துக்குக் கூலி கொடுத்தார்கள்.

இனி அப்பா ஊர். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையில், நெல்லிக்குப்பத்தை அடுத்து இருப்பது மேல்பட்டாம்பாக்கம். இங்கே லூத்தரன் சபை வந்த காரணத்தைச் சொல்லாமல் விசுவாச ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது. தமிழ்க் கிறிஸ்தவர்களை உண்மையில் பிரித்தது லூத்தரும் போப்பாண்டவரும் அல்ல, சாதி. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஆலயத்துக்குள் தனித்தனி இடம். நற்கருணைப் பாத்திரம் ஒரு கூட்டத்துக்கு முதலில், இன்னொரு கூட்டத்துக்குப் பிந்தி. 1833-ல் கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. பிறகு வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் மெத்தனம் காட்டியது. விலகியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த லைப்சிக் மிஷனிலேயே இருந்த கார்ல் ஓக்ஸ் இதைச் சகிக்கவில்லை. இயேசுவின் இரத்தத்தால் மீட்கப்பட்டவர்கள் என்று ஒரே பந்தியில் அறிக்கையிட்டுவிட்டு, பாத்திரத்தில் முன்பின் பார்ப்பது எந்த விசுவாசம் என்பது அவர் நிலை. மிஷனோடு முறித்துக்கொண்டு 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை ஆரம்பித்தார். டென்மார்க்கின் மிஷனரி சங்கம் சீக்கிரமே அவர் பணியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அங்கிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லூத்தரன் சபை. என் அப்பாவின் தாத்தா அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், ஆலயத்தில் பாத்திரத்தை வாங்கித் தானே பிடித்துக் குடித்தார் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். ஓக்ஸுக்குப் பின்னால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்தவர்களுக்குள் கல்யாணப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் சபையைக் கேட்பதற்கு முன் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இரட்சிக்கும் விசுவாசம் ஒன்று என்று வாயால் சொல்வதற்கு இங்கே ஒரு பரீட்சை இருக்கிறது. நம் சபைகளில் எதுவும் அதில் முழு மதிப்பெண் வாங்கியதில்லை.

அந்த டேனிஷ் மிஷனோடு 1889-ல் வந்த எல். பி. லார்சன் பிற்பாடு பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வரானார். 1910-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியைப் பல மிஷன்கள் சேர்ந்து நடத்தின. சபைகள் இப்படிக் கைகோத்ததின் அடுத்த கட்டத்துக்கு மறுபடி தரங்கம்பாடிக்கே போக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 மே 1, 2 தேதிகளில், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த போதகர்கள் அங்கே கூடினார்கள். கூடியவர்கள் ஓரிருவர் தவிர எல்லோரும் இந்தியர். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி தோர்ணக்கல்லில் இருந்த வே. சா. அசரியா முன்னின்றார், மதுரைப் பக்கத்து வி. சந்தியாகு ஐயர் உடனிருந்தார். தங்களைப் பிரித்த வேலிகள் தாங்கள் போட்டவை அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று அவர்கள் துணிந்து சொன்னார்கள். வேதாகமம், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் நிசேயா விசுவாசப் பிரமாணமும், ஞானஸ்நானம் திருவிருந்து என்ற இரண்டு திருவருட்சாதனங்கள், வரலாற்றுப் பேராயர் முறை என்று நான்கை அடிப்படையாக வைத்தார்கள்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. யார் கையை வைத்து யாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்பதில்தான் மிகுந்த காலம் போனது. அசரியா 1945 ஜனவரி 1-ல் காலமானார், பலனைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27-ல், நாடு விடுதலை பெற்று ஆறு வாரத்தில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் எல்லாம் ஒன்றாயின. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் இணைந்ததை உலகமே திரும்பிப் பார்த்தது. லூத்தரன்கள் உள்ளே போகவில்லை. அப்பா இதைச் சொல்லும்போது அவர் முகம் வாடும். "ஒரே பாட்டுப் புஸ்தகத்துல பாதி பாட்டு அவங்களுது, பாதி நம்மளுது. சேர்ந்திருக்கலாம்" என்பார்.

பாட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் அப்பா கத்தோலிக்கராக இருந்து சீர்திருத்தச் சபைக்கு வந்தவர். சாஸ்திரியார் லூத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, லூத்தரன் சூழலிலும் ஆங்கிலிக்கன் சூழலிலும் பாடியவர். அவருடைய கீர்த்தனைகளைச் சி.எஸ்.ஐ.யார் பாடினார்கள், லூத்தரன்கள் பாடினார்கள், கிறிஸ்துமஸ் கீதபவனியில் எங்கள் வட்டத்துக் கத்தோலிக்கப் பையன்களும் லாரியில் ஏறிக்கொண்டு பாடினார்கள். யாரும் சபைக் கடிதம் கேட்கவில்லை.

நெய்வேலி இதில் ஒரு காரியத்தைச் செய்தது. எந்த மாநாடும் திட்டம் போட்டுச் செய்யாத காரியம் அது. சுரங்கமும் தெர்மலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து நிற்பவை அல்ல. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்தாக வேண்டும். இறைக்காவிட்டால் சுரங்கம் முழுகும். மூன்று ஷிப்ட்டும் ஓடும். முதல் ஷிப்ட் விழுந்தால் காலை ஆராதனை போச்சு. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்குக் கண் சொருகும். அப்பா மாதிரி ஆட்கள் தங்கள் ஷிப்ட்டுக்கு எந்தக் கோயிலின் நேரம் ஒத்துவந்ததோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். லூத்தரன் ஆள் சி.எஸ்.ஐ.யின் மாலை ஆராதனையில். மார்த்தோமாக்காரர் லூத்தரன் ஜெபக்கூட்டத்தில். கட்டடங்கள் எழுமுன் குவார்ட்டர்ஸ் முன்கூடத்தில் பாய் விரித்துக் கூடியபோதும் இதே கதைதான் என்று அப்பா சொல்வார். போதகரான ஐயர் கடலூரிலிருந்து எப்போதாவது பஸ் பிடித்து வருவார். மற்ற வாரங்களில் படிக்கத் தெரிந்தவர் வேதத்தைப் படிப்பார், பாடத் தெரிந்தவர் ஆரம்பிப்பார், முடிவில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். அது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எழுந்து நிற்றல். வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, கன்னியிடம் பிறந்து, பொந்தியு பிலாத்துவின் கீழ்ப் பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்த குமாரன், பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, மரித்தோர் உயிர்த்தெழுதல். இதில் அம்மா ஜெபமாலையின் தொடக்கத்தில் சொன்னதற்கும் அப்பா ஞாயிற்றுக்கிழமை சொன்னதற்கும் ஓரிரு சொல் வித்தியாசம். அம்மா மாதாவிடம் வேண்டினார். அப்பா வேண்ட மாட்டார். அம்மாவுக்கு இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க வேண்டும். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இவை சின்ன விஷயங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இருவருமே தங்கள் நம்பிக்கையில் ஆழமாக நின்றவர்கள். ஆனால் மீட்பு யாரால் வந்தது என்று கேட்டால் இருவர் கையும் ஒரே சிலுவையைக் காட்டும். சாவுக்குப் பயப்படும் நேரத்தில் இருவர் வாயிலும் வந்தது ஒரே பெயர்.

அம்மா கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். 1962-ல் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி லூத்தரன் ஐயர் முன்னால் தாலி கட்டிக்கொண்டால், அன்றைய திருச்சபைச் சட்டப்படி அது கல்யாணமே ஆகாது. அதோடு சபை விலக்கமும் உண்டு. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போனார். கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது அவர் எழவில்லை. என் சின்ன வயசு ஞாபகத்தில் பூசை என்றாலே அம்மா உட்கார்ந்தே இருப்பதுதான். "ஏம்மா நீங்க போகல?" என்று நான் கேட்டதற்கு, "எனக்கு உள்ளுக்குள்ள வருவாரு" என்று சொன்னார்.

ரோமில் அப்போது இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியிருந்தது. 1964 நவம்பர் 21-ல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆணை வந்தது. மற்றச் சபையாரைப் பேதகர் என்று தள்ளாமல், ஞானஸ்நானத்தால் கிறிஸ்துவில் இணைந்த சகோதரர் என்று அது ஏற்றது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. அப்பா முதன்முறையாக மாதா கோயிலில் நடப்பது புரிந்து உட்கார்ந்திருந்தது அதற்குப் பிறகுதான். "எல்லாம் நம்ம வேதம்தான் வாசிக்கிறாங்க" என்று வீட்டுக்கு வந்து அதிசயப்பட்டார். 1966-ல் வெளிவந்த ஓர் அறிவுறுத்தல் அம்மா போன்றவர்கள் மேலிருந்த சபை விலக்கத்தை நீக்கியது. 1970-ல் ஆறாம் பவுல் கலப்புத் திருமண விதிகளை மேலும் தளர்த்தினார். ரோமில் கையெழுத்தானது நெய்வேலி வட்டத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் ஆனது. ஒரு நாள் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து அப்பாவோடு உட்கார்ந்து பேசி, பேப்பர்களை எழுதி, அந்தக் கல்யாணத்தைச் சபை ஏற்கும்படி செய்தார். அடுத்த ஞாயிறு அம்மா எழுந்து போய் நற்கருணை வாங்கினார். அப்பா பெஞ்சில் இருந்தார். இந்த முறை உட்கார்ந்திருந்தது அவர்.

எனக்கு லூத்தரன் ஞானஸ்நானம். கல்யாணத்தைச் சபை ஏற்றபின் பிறந்த தம்பிக்கு மாதா கோயிலில். இரண்டையும் இரண்டு சபையும் ஏற்றன. யாரும் மறுபடி தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை. பெந்தெகோஸ்தே சகோதரிகள் எங்கள் வட்டத்துக்கு வந்தபோது அதுதான் முதலில் கேள்வியானது. முழுக்கு எடுத்தீர்களா, இரட்சிக்கப்பட்டீர்களா என்று வாசலில் நின்று கேட்பார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அம்மா சாத்தவில்லை. "அக்கா, நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்ட பெண்ணிடம், "அவர் சிலுவையில தொங்கினப்பவே என்னை மீட்டுட்டாரும்மா, அதை நம்பித்தான் உயிரோட இருக்கேன். உள்ள வா, காபி குடி" என்றார். அந்தப் பெண் உள்ளே வந்தாள். முழுக்கு பற்றிய கருத்து இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய ஜெபித்தது அவள்தான். அந்தக் கேள்வியை நான் குறைவாக மதிப்பதில்லை. பாரம்பரியத்தை மட்டும் சுமந்துகொண்டு விசுவாசத்தை மறந்துபோன நம் சபைகளுக்கு அதைக் கேட்க ஆள் வேண்டியிருந்தது. கேட்டவர்கள், பதில் சொல்பவரின் வாயிலும் அதே ஆண்டவர் இருக்கக்கூடும் என்று நம்பிக் கேட்டிருக்கலாம்.

மார்ச் முதல் வெள்ளியன்று வரும் உலக ஜெப தினத்துக்குப் பெண்கள் சபை பார்க்காமல் கூடுவோம். ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்பு வாரம். ஐயர் மாதா கோயிலில் பிரசங்கம் செய்யும் மாலையை நான் விடுவதில்லை. வீரமாமுனிவர் கட்டிய கோயிலின் தேர்த் திருவிழா மாதமும் அதுவே என்பதை ஒரு வருஷம் அங்கே எழுந்து சொன்னேன்.

1995-ல் பொது மொழிபெயர்ப்பாக திருவிவிலியம் வந்தது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த திண்டிவனத்தில் இருக்கும் கத்தோலிக்க விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு மையமும் மற்றச் சபை அறிஞர்களும் இந்திய வேதாகமச் சங்கமும் கூடிச் செய்த வேலை அது. லூத்தரன்கள் வெகுகாலம் பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்ப்பை விடாதவர்கள், சி.எஸ்.ஐ.யார் 1871-ல் வந்த பவர் மொழிபெயர்ப்பில் ஊறியவர்கள். கத்தோலிக்கருக்குத் தனி வேதாகமம். இந்த மூன்று கூட்டத்தாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து வசனம் வசனமாக ஒத்துக்கொண்டது வீரமாமுனிவர் காலத்தில் யாரும் கனவு கண்டிருக்க முடியாத விஷயம். சீர்திருத்தச் சபைகளில் அது இன்னும் பரவலாக வாசிக்கப்படவில்லை என்பது எனக்கு வருத்தம். அப்பா தம் பழைய வேதாகமத்தை விடவில்லை. அம்மா புதியதை வாசித்தார். ஒருவர் வாசிக்க மற்றவர் தம் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்வார்.

வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் மோதிய விஷயங்களில் முதலாவதான இரட்சிப்பு பற்றி 1999-ல் அடிப்படை ஒப்புதல் ஏற்பட்டது. அக்டோபர் 31, லூத்தர் 1517-ல் தம் ஆய்வுரைகளை வெளியிட்ட அதே தேதியில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் சம்மேளனமும் வத்திக்கானும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் கடவுளுக்கு ஏற்றவன் ஆவது அவருடைய கிருபையினால் மட்டுமே. கிறிஸ்து செய்த மீட்பை விசுவாசிப்பதால். நம்முடைய எந்தத் தகுதியாலும் இல்லை. அந்தக் கிருபையே ஆவியானவரால் நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 2006-ல் உலக மெதடிஸ்ட் சபைகளும், 2017-ல் சீர்திருத்தச் சபைகளும் இதில் சேர்ந்துகொண்டன. எங்கள் ஆற்காடு லூத்தரன் சபை அந்தச் சம்மேளனத்தின் உறுப்பு. ஆகவே ஆக்ஸ்பர்க்கில் போட்ட கையெழுத்து மேல்பட்டாம்பாக்கத்துக்கும் சேரும், கோணாங்குப்பத்துக்கும் சேரும். நான் அந்த அறிக்கையின் சாரத்தைத் தமிழில் எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதைத்தானே உங்கம்மா அந்தப் பொண்ணுகிட்ட வாசல்ல சொன்னா" என்றார்.

அப்பா 2009-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில். ஐயர் அடக்க ஆராதனையை நடத்தினார்; அம்மாவின் பங்கிலிருந்து வந்த சாமியார் கல்லறை ஓரத்தில் ஜெபித்தார். அம்மா தம் ஆயுசில் அப்பாவோடு சேர்ந்து சாப்பிடாத சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். 1999-க்குப் பிறகும் அது மாறவில்லை. விசுவாசம் ஒன்று என்று கையெழுத்துப் போட்டவர்கள் பந்தியைத் திறக்கவில்லை. குருத்துவம், பேராயர் மரபு என்ற பழைய கேள்விகள் குறுக்கே நிற்கின்றன. அவற்றை நான் இலேசாக எடுக்கவில்லை. 28 வருஷம் அந்தக் கேள்விகளோடு மல்லாடித்தான் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மல்லாடினால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

2016 அக்டோபர் 31-ல் சுவீடனின் லுண்ட் நகரப் பேராலயத்தில் போப் பிரான்சிஸும் லூத்தரன் சம்மேளனத் தலைவர் முனிப் யூனானும் இன்னொரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். வாழ்க்கை முழுவதையும் பகிர்ந்துகொண்டும் நற்கருணைப் பந்தியைப் பகிர முடியாதவர்களின் வேதனையை அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தக் காயத்தை ஆற்றுவது தங்கள் கடமை என்றும் ஏற்கிறது. அம்மா அப்போது இருந்தார். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "நம்மளைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

கடமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் பழைய மாணவிகளில் இருவர் இப்போது அம்மா நிலையில் இருக்கிறார்கள். ஒருத்தி மாதா கோயிலில், அவள் கணவன் எங்கள் சபையில். ஒன்றிப்பு வாரத்தில் ஐயரையும் சாமியாரையும் ஒருசேரப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு குடும்பத்தின் பேரில் நான் லுண்ட் அறிக்கையை எடுத்துக் கேட்கிறேன். வரும் ஜனவரியிலும் கேட்பேன்.